டென்ஷனும் தொப்பையும் சேர்ந்து ஏறுகிறது, புது சைக்கிள் வாங்கலாமா?

குடந்தைவாசி (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 41. ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் கடன் வசூல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரைக்கும் போன்தான். அந்தப் பக்கம் கடன்காரர் திட்டுவார், இந்தப் பக்கம் மேலிடம் திட்டும். மாதக் கடைசி வாரத்தில் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அவ்வளவு எரிந்து விழுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சாப்பாடு, அதற்கப்புறம் தூக்கம் வராமல் மொபைல். கல்யாணத்தின்போது எழுபதைத் தொடாத எடை இப்போது 91 கிலோ. பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜிம் எனக்கு ஒத்துவராது. நடக்கலாம் என்றால் இடது முட்டி வலிக்கிறது. பள்ளிக்கூடம் படிக்கும்போது பட்டீஸ்வரத்திலிருந்து தினமும் சைக்கிளில்தான் வந்து போனேன். அதனால் சைக்கிள் வாங்கலாம் என்று ஒரு எண்ணம். கையில் 15 ஆயிரம், இழுத்தால் 20 ஆயிரம் வரை இருக்கிறது. கடையில் கேட்டால் தடித்த டயர், முன்னால் ஷாக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர் போட்டது ஒன்றைக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு ஸ்மார்ட் வாட்சும் வாங்கி, தினம் எத்தனை கிலோமீட்டர் என்று ஆப்பில் போட்டு வைக்கலாம் என்று நினைக்கிறேன். மனைவி, "வாங்கி மாடிப்படிக்குக் கீழே நிறுத்தத்தான் போறீங்க" என்கிறாள்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊரில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். இந்த வயதில் சைக்கிளில் போனால் என்ன நினைப்பார்கள்?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

கடைக்காரர் காட்டியதை வாங்காதீர்கள் சார். முன் ஷாக் என்பது மலைப்பாதையில் கல்லிலும் வேரிலும் இறங்குகிறவர்களுக்கு. தார் ரோட்டில் நீங்கள் எழுந்து மிதிக்கும்போதெல்லாம் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். இந்த விலையில் வருகிற ஷாக் உள்ளே வெறும் ஸ்பிரிங்தான், இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். தடித்த டயர் பார்வைக்குக் கம்பீரம், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ரோடு பிடித்து இழுக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஹைப்ரிட் என்று விற்கிற ரகம். நேர் ஹேண்டில்பார், ஷாக் இல்லாத இரும்பு ஃபோர்க், 700 அளவு சக்கரம், 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயர். மட்கார்டு, கேரியர் மாட்ட ஃபிரேமில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். டெல்டாவில் மட்கார்டு இல்லாத சைக்கிள், ஐப்பசி கார்த்திகையில் முதுகில் சேறு எழுதும்.

கியர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தட்டாகக் கிடக்கிற நிலம். நமக்கு மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும், ஐந்தும் சேர்த்தாலும் ஒரு மலை ஆகாது. கியரே இல்லாத ஒற்றைப் பல் வண்டி வாங்கினால் விலையும் குறையும், கெடவும் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பழைய ஸ்டிக்கர் விலையைச் சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

சந்தேகப்பேர்வழி (மன்னார்குடி)

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். டென்ஷன் வந்தால் ஏதாவது வாங்க வேண்டும் என்று தோன்றுவது இப்போது எல்லோருக்கும் உள்ள வியாதி. வாங்குகிற வரைக்கும் ஒரு சந்தோஷம், டெலிவரி ஆனதும் முடிந்தது. என் மச்சான் வீட்டில் ஒரு சிவப்பு சைக்கிள் இருக்கிறது, துண்டு காயப்போட நல்ல உயரம். உங்கள் பிரச்சினை வேலை. வேலை அப்படியே இருக்கும், சைக்கிள் என்ன செய்யும்?

பழைய சைக்கிள் யாரிடமாவது வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் புதுசு பற்றி யோசிக்கலாம்.

பஞ்சர்கடை (திருத்துறைப்பூண்டி)

சந்தேகப்பேர்வழி அண்ணன் சொல்வது பாதி சரி. இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அடுத்தவர் அளவு வண்டியில் 91 கிலோ ஆள் ஒரு மாதம் ஓட்டினால் முட்டியும் இடுப்பும் வலித்து, சைக்கிளே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவார். அளவுதான் முக்கியம்.

நம்ம ஊர்க் கடைகளில் சீட்டை எப்பவும் தாழ்த்தித்தான் வைத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் வாங்குகிறவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்க்கிறார். முட்டிவலிக்கு அதுதான் காரணம். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதுதான் உங்கள் உயரம். நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகிக்கொள்ள வேண்டும், முதலில் பயமாக இருக்கும்.

எடை உள்ள ஆட்களுக்கு முதலில் போவது பின் சக்கரத்துப் போக்ஸ் கம்பி. 36 கம்பி போட்ட சக்கரம் கிடைத்தால் நல்லது. எத்தனை கிலோ வரை தாங்கும் என்று கம்பெனி போட்டிருப்பார்கள், 100, 120 என்று இருக்கும், அதில் பை, டிபன் எல்லாம் சேர்த்தி. வாங்கிய புதிதில் கம்பி எல்லாம் இளகும். ஒரு மாதம் ஓடியதும் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்துக் கம்பியை இறுக்கிவிடுங்கள். அதைச் செய்யாமல் விட்டுத்தான் "புது வண்டி கம்பி உடைந்துவிட்டது" என்று வருகிறார்கள்.

வெண்ணாறு சாருக்கு ஒரு வார்த்தை. கியர் வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு காரணம் உண்டு. மாசி பங்குனியில் உளுந்தும் பயறும் பிடுங்கி, வண்டி ஏறிப் பிரியட்டும் என்று செடியோடு ரோட்டில் பரப்பி வைப்பார்கள். கார் போய்விடும். கியர் சைக்கிள் போனால் அந்தக் கொடி பின்கியர் டிரெய்லரில், அதாவது சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற கருவியில் சுற்றி, பல்லுக்கும் போக்ஸுக்கும் நடுவில் கயிறு முறுக்கினாற்போல ஏறிவிடும். தெரியாமல் அழுத்தி மிதித்தால் டிரெய்லர் வளைந்து கம்பிக்குள் போய் மாட்டும். போன வருஷம் அந்த ஒரு சீசனில் மட்டும் என் கடைக்கு அப்படி வந்த வண்டிகளை வைத்து ஒரு மூட்டை உளுந்து அடித்திருக்கலாம். செடி பரப்பிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். நெல் காயும் இடத்தில் ஏறவே ஏறாதீர்கள், அது அடுத்தவர் சோறு.

டியூட்டி_நர்ஸ் (திருவாரூர்)

குடந்தைவாசி சார், சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு மூன்றும். எடை ஏறுவது, எரிந்து விழுவது, சோர்வு எல்லாம் தைராய்டிலும் வரும். ஏதாவது மாத்திரை நாள்பட எடுக்கிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகளே எடையைக் கூட்டும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.

இதையும் உங்கள் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? எடை கூடியவர்களுக்கு இது சகஜம். அதனால் தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், பகலெல்லாம் சிடுசிடுப்பு. அப்படி இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு, சைக்கிள் மட்டும் போதாது.

எடைக் கணக்கை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடைக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறக்குறைய 500 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆக ஒரு கிலோவுக்குப் பதினைந்து மணி நேரம். சுவாமிமலை வரைக்கும் மிதித்துவிட்டு வந்து ஒரு நெய் ரோஸ்ட், இரண்டு வடை, சர்க்கரை போட்ட டிகிரி காபி என்று உட்கார்ந்தால் அந்தக் காலை சரிக்குச் சரி. எடை இலையில்தான் குறையும். ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்து, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் தெரியும் பலன், வெறும் மிதிப்பில் தெரியாது.

அப்படியானால் சைக்கிள் வீணா என்றால், இல்லவே இல்லை. பிரஷர், சர்க்கரை, தூக்கம், மனசு இதெல்லாம் தராசு முள் அசைவதற்கு முன்னாலேயே சரியாகத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. மிதமானது என்றால், ஓட்டிக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தராசுக்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

மனசு ரொம்பக் கனத்தால் 14416. டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். சைக்கிளும் வேண்டும், அதுவும் வேண்டும் என்றால் ஒன்றும் தப்பில்லை.

குடந்தைவாசி (கும்பகோணம்)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. சிஸ்டர், குறட்டை பற்றிக் கேட்டதும் மனைவி சிரித்த சிரிப்பிலேயே பதில் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் சொல்கிறேன்.

ஒற்றைப் பல் வண்டியா, கியரா என்பதுதான் இன்னும் குழப்பம். அப்புறம் அந்தக் கூச்ச விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

டீச்சரம்மா (பட்டுக்கோட்டை)

அதற்கு நான் சொல்கிறேன் தம்பி. நான் புதுக்கோட்டையில் பிறந்தவள். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே புடவையோடு ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே கேட்டு வாங்கினார்கள். அப்படி பாரில் உட்கார்ந்து போன குழந்தை நான். என் அம்மாவைப் பார்த்துச் சிரிக்காத ஆம்பளை அந்தத் தெருவில் இல்லை. அம்மா தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஸ்கூட்டி இருந்தும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போகிறேன். "டீச்சர், வண்டி ரிப்பேரா?" என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். ஆமாம் ரிப்பேர் என்றே சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, "இன்னும் சரியாகலையா?" என்று கேட்டார்கள். ஆகவில்லை என்றேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஊர் வாய்க்கு அவ்வளவுதான் பொறுமை.

மண்வெட்டியைப் பாரில் கட்டிக்கொண்டு எழுபது வயதுக்காரர் வயலுக்குச் சைக்கிளில் போகிறார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. சட்டையை உள்ளே விட்டவன் சைக்கிளில் போனால்தான் கேள்வி. அந்தக் கேள்வி உங்கள் சட்டையைப் பற்றியது, சைக்கிளைப் பற்றியது இல்லை.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

வெண்ணாறு சொல்கிறார், டெல்டாவில் மேடே இல்லை, கியர் வேண்டாம் என்று. அவர் ஆனி ஆடியில் நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே திருவாரூர் பக்கம் மிதித்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம். நமக்கு மேடு காற்றில் இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போக, எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் மேல்காற்று வந்தால் உடம்பில் படுவது 35. காற்று வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடுப்பு நாலு மடங்காகும். பாலமாவது ஐம்பது அடியில் முடிந்துவிடும், காற்று வீடு வரைக்கும் கூட வரும். மறைக்க ஒரு மரம்கூட இல்லாத வயல்வெளியில் ஒற்றைப் பல் வண்டியில் எழுந்து நின்று மிதிக்கிறவனுக்குத்தான் கியரின் அருமை தெரியும்.

முன்னால் ஒரே பல், பின்னால் ஏழு. அது போதும். இருபத்தொன்று என்பது பெட்டியில் எழுதிக்கொள்ளத்தான்.

காற்றைப் பார்த்துத் திசையைத் தேர்ந்தெடுங்கள். ஆடியில் காலையில் மேற்கே கிளம்புங்கள், திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், கும்பகோணம் வரைக்கும் எட்டும், சாயங்காலம் ஓட்டுவதாக இருந்தால் கிழக்கே போய்த் திரும்புங்கள். ஐப்பசிக்கு மேல் வாடை. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இந்த ஒன்றை மாற்றிச் செய்தீர்களோ, களைத்த காலோடு காற்றோடு மல்லுக்கட்டுவீர்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

சரி, ஏழு கியருக்கு ஒத்துக்கொள்கிறேன். நாகைக்காரரோடு காற்றைப் பற்றி வாதாட முடியாது.

வாட்ச் பற்றி யாரும் பேசவில்லை. அது நல்ல யோசனைதான். நான் ஒவ்வொரு சவாரியையும் ஆப்பில் போடுகிறேன். மாதத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று இலக்கு வைத்தால்தான் காலையில் எழுந்திருக்கத் தோன்றும்.

கொள்ளிடக்கரை (அணைக்கரை)

வெண்ணாறு தோழரே, உங்களுக்கு அது சரி. குடந்தைவாசிக்கு அது விஷம் என்று நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

அவர் என்ன வேலை பார்க்கிறார்? வசூல். காலையில் எழுந்ததும் எத்தனை சதவீதம், இன்னும் எவ்வளவு பாக்கி, மாதம் முடிய எத்தனை நாள். அந்தக் கணக்குத்தான் அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறது. இப்போது சைக்கிளிலும் இன்னொரு டார்கெட் போட்டு, இந்த வாரம் இன்னும் இவ்வளவு கிலோமீட்டர் பாக்கி என்று வாட்ச் மணிக்கட்டில் கிடந்து துடித்தால், ஆபீஸ் மேனேஜர் ஹேண்டில்பாரில் ஏறி உட்கார்ந்த மாதிரிதான். மழை பெய்து மூன்று நாள் போக முடியாவிட்டால் அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி வரும். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போவதெல்லாம் இந்தக் குற்ற உணர்ச்சியால்தான், சோம்பலால் இல்லை. பாக்கி வைத்தவன் கடைக்காரர் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவான் அல்லவா, வசூல்காரருக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நானும் இருக்கை வேலைதான், வேறு துறை. சைக்கிளில் எனக்குக் கிடைத்தது என்னவென்றால், இரண்டு கையும் வேலையாக இருப்பதால் போனை எடுக்க முடியாது. அவ்வளவுதான். பள்ளம் எங்கே, ஆடு எந்தப் பக்கம் பாயும், எதிரே வரும் டிராக்டர் ஒதுங்குமா என்று பார்த்துக்கொண்டே போனால் ஆபீஸ் நினைக்க மண்டையில் இடமில்லை. அணைக்கரையில் கொள்ளிடத்துக் கீழணைப் பக்கம் போய் நின்றால், மதகில் தண்ணீர் விழும் சத்தத்தில் போன் அடித்தாலும் கேட்காது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. அவர் பாசனத்துக்குத்தான் கட்டினார், எனக்கு இப்படியும் உபயோகப்படுகிறது.

தூரம் பார்க்காதீர்கள் சார். எந்த டீக்கடை வரைக்கும் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். தோன்றினால் அதைத் தாண்டிப் போங்கள், தோன்றாவிட்டால் டீயோடு திரும்பிவிடுங்கள். டீயில் சர்க்கரை வேண்டாம், சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

மேற்கோள்: "ஆபீஸ் மேனேஜர் ஹேண்டில்பாரில் ஏறி உட்கார்ந்த மாதிரி"

நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் ஏற்கவில்லை. எழுதி வைக்காத எதுவும் நடக்காது என்பது என் அனுபவம். இலக்கே இல்லாமல் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து போகிற மனிதர் எத்தனை பேர்? டாக்டரே அளவு சொல்லித்தானே மருந்து கொடுக்கிறார்.

கொள்ளிடக்கரை (அணைக்கரை)

அளவு வேண்டும் என்றால் சிஸ்டர் சொன்ன 150 நிமிடம் இருக்கிறதே. சுவரில் இருக்கும் கடிகாரம் போதும். யார் எத்தனை கிலோமீட்டர் என்று அடுத்தவர் கணக்கு கண்ணில் படாமல் இருந்தால் சரி.

சந்தேகப்பேர்வழி (மன்னார்குடி)

வாட்ச் காசு மிச்சம். இந்த இழையில் முதன்முறையாக ஒருவரோடு ஒத்துப்போகிறேன்.

டியூட்டி_நர்ஸ் (திருவாரூர்)

சண்டையில் யாரும் ஹெல்மெட் பற்றிச் சொல்லவில்லை. வாங்குங்கள். பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும், விடியற்காலையில் நம் சாலைகளில் இருட்டும் பனியும் சேர்ந்து இருக்கும். தஞ்சாவூர் மெயின் ரோட்டுப் பக்கமே போகாதீர்கள், பஸ்கள் வரும் வேகத்துக்கு நீங்கள் ஒதுங்க மண் தரைகூட இருக்காது.

நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். நிறுத்தி, இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் ஆர்வம் போய்விடும். மீறிக் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய்விட வேண்டும். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு வைப்பதெல்லாம் கூடாது.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

வழி சொல்லட்டுமா? கும்பகோணத்திலிருந்து தாராசுரம், அங்கிருந்து பட்டீஸ்வரம். உங்கள் பழைய பள்ளிக்கூட வழியேதான். ஐராவதேசுவரர் கோயில் புல்வெளிப் பக்கம் காலை வெயில் விழும்போது ஒருதரம் நின்று பாருங்கள். கால் பழகியதும் சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம் என்று திருவையாறு ரோட்டில் போகலாம். பெரும்பாலும் நிழல். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த ரோட்டில் மிதிப்பதற்குக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். திருவையாறு வரைக்கும் போய்விட்டால் அசோகா அல்வா சாப்பிடாமல் வரக் கூடாது. பாசிப்பருப்பும் நெய்யும், கையில் ஒட்டாமல் வழுக்கும்.

டியூட்டி_நர்ஸ் (திருவாரூர்)

ஒரு ஸ்பூன்.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

சரிங்க சிஸ்டர்.

இழைப் பொறுப்பாளர்

அசோகா எந்தக் கடையில் நல்லது என்று கேட்டு வந்த பதிவுகளை உணவுப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

குடந்தைவாசி (கும்பகோணம்)

வாங்கிவிட்டேன். ஹைப்ரிட், பின்னால் ஏழு கியர், 36 கம்பி, ஷாக் இல்லை. ஹெல்மெட், விளக்கு, மட்கார்டு, பூட்டு எல்லாம் சேர்த்தும் 20 ஆயிரத்துக்குள் முடிந்தது. கடைப்பையன் சீட்டைத் தாழ்த்தித்தான் வைத்தான், பஞ்சர்கடை அண்ணன் சொன்ன மாதிரி குதிகால் வைத்துப் பார்த்து ஏற்றிக்கொண்டேன். வாட்ச் வாங்கவில்லை. வெண்ணாறு சார் மன்னிக்க.

எடை பற்றிச் சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை. தூக்கத்துக்கு டாக்டர் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். போன மாதக் கடைசியும் வழக்கம்போலத்தான் இருந்தது, மேலிடத்திலிருந்து அதே திட்டு. வீட்டுக்கு வந்து யாரிடமும் கத்தவில்லை என்று மகள் சொன்னாள், எனக்கு அது ஞாபகமே இல்லை.

ஒரு வேடிக்கை. தாராசுரம் ரோட்டில் நாலு தவணை பாக்கி வைத்திருக்கிற ஒருவர் எதிரே வந்தார். என்னைச் சைக்கிளில் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, "சார், உங்களுக்குமா கஷ்டம்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். டீச்சரம்மா பாணியில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். தவணை பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். ஆற்றங்கரைப் பாதையில் போனதில் கருவேல முள் ஏறிப் பின்டயர் பஞ்சர். தெருமுனைக் கடையில் கொண்டுபோனால், இந்த வால்வுக்கு என் பம்பு சேராது என்கிறார். சாதா சைக்கிள் மாதிரி வால்ட்யூப் போட்டது இல்லையாமே. என்ன செய்வது?

டீச்சரம்மா (பட்டுக்கோட்டை)

டீயை வாங்கிக் குடித்தீர்களே, அதற்கு ரசீது கொடுத்தீர்களா தம்பி?

பஞ்சர்கடை (திருத்துறைப்பூண்டி)

வால்வைப் பாருங்கள். தடியாக, மோட்டார் பைக்கில் இருக்கிற மாதிரி இருந்தால் கவலையே இல்லை. பெட்ரோல் பங்க்கில் காற்று அடித்துக்கொள்ளலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த மெஷின் வேகத்துக்குச் சைக்கிள் டியூப் ஒரு நொடியில் வெடித்துவிடும். ஒல்லியாக, நுனியில் ஒரு குட்டித் திருகு இருந்தால் அது வேறு ரகம். திருகைத் தளர்த்தி, நுனியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். அதற்குப் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், சைக்கிள் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் மோட்டார் பைக்குக்குக் காற்று அடிக்கிற எந்தப் பம்பும் சேரும்.

பஞ்சர் ஒட்டுவது எல்லாம் ஒரே மாதிரிதான், கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் முழுக்க விரலைப் பதித்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மெதுவாக. கருவேல முள் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும், வெளியே தெரியாது. அதை எடுக்காமல் மாட்டினால் மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடியும் இறங்கும். காற்று எவ்வளவு என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். உங்கள் எடைக்கு அதில் போட்டிருக்கிற அதிக அளவை ஒட்டி அடியுங்கள், குறைவாக வைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து டியூபில் இரட்டைப் பல் பதிந்த மாதிரி கிழியும். 700 அளவு டியூப் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது.